கொரெட்டியின் செல்லாத படிப்பு

டிரம்கில்லா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கத்தினாலும் அசையாத பிள்ளைகள், கொரெட்டி மல்வி புருவத்தை உயர்த்தினால் வரிசையாக நின்றுவிடுவார்கள். இத்தனைக்கும் அவள் ஆசிரியை அல்ல. நடக்கச் சிரமப்படும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, கூட்டத்தைக் கண்டால் மிரளும் பிள்ளை, இவர்களுக்கு வகுப்பில் துணையாக இருப்பவள். எஸ்.என்.ஏ., அதாவது சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் உதவியாளர், என்பார்கள். அது என்ன வேலை என்று ஊருக்கே ஒரு குழப்பம். அவள் மாமியார் கடைசிவரை, "எங்க மருமக பள்ளிக்கூடத்துல ஆயா மாதிரி, ஆனா ஆயா இல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொரெட்டி இளவயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுச் சட்டை தைக்கும் ஆலைக்குப் போனவள். காலர் வைத்துத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் லெய்ட்ரிம் மாவட்டத்து ஆலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளிநாட்டுக்கு மூட்டை கட்டியபோது அவள் ஆலையும் போனது. அப்போது பள்ளியில் உதவியாள் தேவைப்பட்டது. நேர்காணல் என்ற பெயரில் பங்குச் சாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைங்கன்னா உனக்குப் பொறுமை உண்டா கொரெட்டி?" "பிள்ளைங்ககிட்ட உண்டு ஃபாதர், பெரியவங்ககிட்டதான் இல்லை" என்றாள். வேலை கிடைத்தது. அன்று அந்த வேலைக்கு அவ்வளவுதான் தகுதி.

கீலின் என்ற சிறுமி பால வகுப்புக்கு வந்த நாளிலிருந்து கொரெட்டிதான் அவளுக்குத் துணை. கீலினுக்குப் பேச்சு வராது. கையால் சைகை காட்டுவாள். படங்கள் உள்ள பலகைக் கணினியைத் தட்டுவாள். தொப்பியைத் தலையில் வைத்தால் பிடுங்கி எறிவாள். டிராக்டர் சத்தம் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவளுக்கு வலிப்பும் உண்டு. வலிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், ஊசியில்லாத சிரிஞ்சில் இருக்கும் மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல விடவேண்டும். அவள் பள்ளியில் சேர்ந்தபோது மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வந்து அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் அந்த நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆளே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உதவியாளர்களுக்கென்று முதன்முதலாக ஒரு பெரிய பயிற்சி வந்தது. ஓராண்டு, மாலை நேரங்களில், கணினி வழியாக. தலைமையாசிரியர் மாலக்கி ரெடிகன் கொரெட்டியைத் தன் அறைக்கு அழைத்தார். மாலக்கியின் அக்காவும் கொரெட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மூக்கொழுக நின்ற மாலக்கியை அவள் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் பள்ளிக்குள் 'நீங்க'தான்.

"இதுல வலிப்பு, மருந்து கொடுக்கறது, சாப்பாடு ஊட்டறது எல்லாம் வருது கொரெட்டி. இதை முடிச்சிட்டா நர்ஸுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்ல. நீங்க சேர்ந்துட்டா நிர்வாகக் குழுவுக்கும் நிம்மதி."

"முடிச்சா என்ன கிடைக்கும்?"

"சான்றிதழ் கிடைக்கும். இனிமே இந்த வேலைக்கும் ஒரு மதிப்பு வரப்போகுது பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் சேர்ந்தாள்.

எழுத்து என்றாலே கொரெட்டிக்குச் சின்ன வயதிலிருந்து உதறல். வீட்டில் இணைய இணைப்பு சமையலறை ஜன்னலோரம்தான் ஒழுங்காக வரும். அங்கே பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தாள். கணவன் ஷேமி பால் லாரி ஓட்டுபவன். களைத்து வந்து நின்றால் சாப்பாடு இருக்காது, தொட்டியோரத்தில் கணினிதான் இருக்கும்.

"பேராசிரியரம்மா, ஒரு வாய் டீ கிடைக்குமா, இல்ல அதுக்கும் தேர்வு எழுதணுமா?"

"கெட்டில் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சா அதுதான் உங்களுக்குத் தேர்வு."

கேலி செய்தானே தவிர, அந்தக் குளிர்காலம் முழுக்க முட்டைக்கோஸும் பன்றியிறைச்சியும் வேக வைத்தது ஷேமிதான். கடைசிப் பாடம் முடிந்து சான்றிதழ் வந்ததும், அவளைக் கேட்காமலேயே அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். திருமணப் படத்துக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னான். கொரெட்டி வெட்கப்பட்டாள். ஆனால் தடுக்கவில்லை.

அடுத்த மார்ச் மாதம். புனித பாட்ரிக் திருநாள் ஊர்வலத்துக்காகப் பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் குழல் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கீலின் முன்வரிசையில் உட்கார்ந்து தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை திடீரென்று நின்றது. கொரெட்டி அவளைச் சாய்த்துப் பிடிப்பதற்கும் உடம்பு விறைப்பதற்கும் சரியாக இருந்தது. அவள் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். தலைக்கடியில் தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டி வைத்தாள். ஆசிரியை மற்றப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போனாள். கொரெட்டி நேரம் பார்த்தாள். ஐந்து நிமிடமாகியும் வலிப்பு நிற்கவில்லை. மருந்தை விட்டாள். ஸ்லைகோ நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது கீலின் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று கொரெட்டியைப் புகழாதவர் இல்லை. கீலினின் அம்மா ஃபினூலா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பங்குச் சாமியார் பூசையில் பெயர் சொல்லி நன்றி சொன்னார்.

விபத்து என்று எதுவும் நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. மாலக்கி தெரிவித்தார். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: மருந்து கொடுத்தவருக்கு அங்கீகரிக்கப்பட்ட தகுதி என்ன? மாலக்கி சான்றிதழின் நகலை அனுப்பினார். மறுபடி பதில் வந்தது.

அவர் கொரெட்டியை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"கொரெட்டி, நீங்க செஞ்சது தப்புன்னு யாரும் சொல்லல. அதை முதல்ல சொல்லிடறேன்."

"அப்ப ரெண்டாவதா என்ன சொல்லப்போறீங்க?"

"அந்தப் பயிற்சி தேசியத் தகுதிப் பட்டியல்ல எந்த நிலையிலயும் வரலையாம். கலந்துகிட்டதுக்கான சான்றிதழ்தானாம். தகுதின்னு ஏத்துக்க முடியாதுங்கறாங்க. நர்ஸ் வந்து முறையாக் கத்துக்கொடுக்கற வரைக்கும் பள்ளி ஆளுங்க யாரும் மருந்தைத் தொடக்கூடாது."

"நர்ஸ்தான் இல்லையே."

"காத்திருப்புப் பட்டியல்ல பேர் போட்டிருக்கேன்."

"இந்தப் பயிற்சி போதும்னு நீங்கதானே என்னைப் படிக்க வெச்சீங்க?"

மாலக்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"அதுவரைக்கும் கீலினுக்கு வலிப்பு வந்தா?"

"அவங்க அம்மா மருந்தோட பள்ளி வாசல்ல இருக்கணும். குழுவோட முடிவு."

ஃபினூலா முதியோர் இல்லத்துச் சமையற்காரி. கீலினின் அப்பா என்றோ லண்டனுக்குப் போனவர், போனவர்தான். பள்ளி வாசலில் நாள் முழுக்கக் காரில் உட்காரவேண்டுமென்றால் வேலைக்கு எப்படிப் போவாள்? முதலில் விடுப்பு எடுத்தாள். விடுப்பு தீர்ந்ததும் முதியோர் இல்லத்தில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்த காருக்குள் ஒரு பெண் கைப்பையில் மருந்தை வைத்துக்கொண்டு காலை முதல் பள்ளி விடும்வரை உட்கார்ந்திருப்பதைப் பால் வண்டிக்காரனிலிருந்து தபால்காரன் வரை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

கொரெட்டி இடைவேளையில் டீயும் ஒரு துண்டு ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதல் வாரம் ஃபினூலா வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வாரம் கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள்.

"என்ன ஃபினூலா, குளிருதா?"

"குளிரல. எரியுது. உன் புருஷன் கோயில் வாசல்ல நின்னு ஊர் பூரா சொன்னானே, எம் பொண்டாட்டி படிச்சிட்டான்னு. என்னத்தப் படிச்சே நீ? உன் படிப்பால எனக்கு வேலைதான் போச்சு."

"அது என் தப்பா?"

"யார் தப்புன்னு எனக்குத் தெரியல கொரெட்டி. வாசல்ல வந்து நிக்கறது நீ ஒருத்திதான். உன்கிட்டதான் கத்த முடியுது."

டீ கோப்பையைக் கையில் பிடித்தபடி மழையில் நின்றாள் கொரெட்டி. அன்று வீட்டுக்குப் போனதும் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினாள்.

மறுநாளிலிருந்து தொலைபேசிப் போர் ஆரம்பமானது. பயிற்சி நடத்திய அலுவலகத்தில் இனிய குரலில் ஒரு பெண் பேசினாள்.

"உங்க பயிற்சியை முடிச்சவ நான். அந்தச் சான்றிதழ் எந்த நிலையில வருதுன்னு சொல்லுங்க."

"வாழ்த்துகள் மேடம்! அது நிலை எதுலயும் வராதுங்க."

"ஏன்?"

"அது தகுதி இல்லைங்க. பயிற்சி."

"பயிற்சி எடுத்தா தகுதி வராதா?"

"உங்க தொழில் வளர்ச்சிக்காக நடத்தறதுங்க."

"வளந்துட்டேன்மா. வளந்ததை யார்கிட்ட காட்டணும்னுதான் கேக்குறேன்."

அந்தப் பெண் சிரித்தாள். கொரெட்டி சிரிக்கவில்லை. அந்தப் பெண் இன்னொரு அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தாள். அங்கே கேட்டால், தகுதி தருவது பள்ளியின் பொறுப்பு என்றார்கள். பள்ளியில் கேட்டால், அது மேலிடத்து விஷயம். மேலிடத்தில் கேட்டால், இதுகுறித்து ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது. 'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் அவளுக்கு அதிக எரிச்சல். "ஒருத்தனாவது திட்டிட்டு வெச்சா நானும் திருப்பித் திட்டுவேன் ஷேமி. இது பஞ்சு மூட்டையைக் குத்தற மாதிரி இருக்கு" என்றாள்.

மே மாதம் வந்தது. புல் வெட்டும் பருவம். சாலை முழுக்க டிராக்டர்கள் வெட்டிய புல்லை மலைபோல ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. ஜன்னலோரம் கீலினுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு முற்பகலில் அவள் ஜன்னலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோதே கண் மேலே செருகியது.

கொரெட்டி அவளைப் படுக்க வைத்துவிட்டு ஃபினூலாவைத் தொலைபேசியில் அழைத்தாள். ஃபினூலா வாசலில் இல்லை. பெற்றோர் பள்ளிக்குள் வந்தால் கையெழுத்துப் போட்டு, அட்டை மாட்டி, காரணம் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கூத்து வேண்டாமென்று கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குக்குத்தான் போய்வருவாள். அன்றும் போயிருந்தாள். திரும்பும் வழியில் புல் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். குறுகிய பாதை, இரண்டு பக்கமும் வேலி, தாண்டிப்போக வழியில்லை. ஹாரனை அழுத்தினாள். முன்னால் போன பையன், அவசரக்காரி போலிருக்கிறது என்று கையை ஆட்டிவிட்டு மெதுவாகவே போனான்.

மருந்து அவள் கைப்பையில் இருந்தது. பள்ளியில் வைத்திருக்கக்கூடாது என்பதும் குழுவின் முடிவுதான்.

ஐந்து நிமிடம் தாண்டியது. கொரெட்டி பிள்ளையின் தோளைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் மாலக்கி நின்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கீலினின் உதடு நீலம் பாரித்தது.

"சேசு மரி சூசையே" என்றாள் கொரெட்டி. அதற்குமேல் செபமும் வரவில்லை.

ஃபினூலா காரைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்திருந்தது. பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அவள் எவ்வளவு இழுத்தும் சிரிஞ்சின் மூடி கழலவில்லை. கொரெட்டி அதைப் பிடுங்கிக் கழற்றி, பிள்ளையின் கன்னத்தை ஒதுக்கி, தானே மருந்தை விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

கீலின் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இந்த முறை மருத்துவமனையில் ஒரு வாரம் இருக்கவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது 'இன்னும் வேணும்' என்ற சைகையை மறந்திருந்தாள். அதைக் கற்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது.

அன்று ஆம்புலன்ஸ் போன கையோடு கொரெட்டி தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"மாலக்கி, உன் காப்பீட்டுக்காரன்கிட்ட எழுது. கொரெட்டி மறுபடியும் மருந்து கொடுத்துட்டான்னு எழுது. தகுதி இல்லாதவ, காலர் தைச்சவ, தொடக்கூடாததைத் தொட்டுட்டான்னு எழுது. என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்கு."

"கொரெட்டி, உக்காருங்க..."

"உக்கார மாட்டேன். எதுவும் நடக்காத வரைக்கும் என் பயிற்சி உங்களுக்குப் பெருமை. பள்ளியோட இணையப் பக்கத்துல போட்டோ போட்டீங்க. எதாவது நடந்தா அது பயிற்சியே இல்ல. என்னன்னுதான் ஒரு முடிவுக்கு வாங்களேன்! பிள்ளையைத் தொட ஆள் வேணும்னா நான். கேள்வி கேக்க ஆள் வேணும்னாலும் நான். நடுவுல என்னை எதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"ராத்திரி எனக்கும் தூக்கம் வர்றதில்ல கொரெட்டி" என்றார் மாலக்கி.

"வராதுதான். வரக்கூடாது."

வேலையை விட்டு அவளை யாரும் தூக்கவில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றிக் காப்பீட்டுக்காரர்களுக்கு மாலக்கி என்ன எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அவர் காரை எடுத்துக்கொண்டு நேராகச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், நர்ஸ் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று அங்கே உட்கார்ந்துவிட்டதாக ஊரில் பேச்சு. அது உண்மையோ பொய்யோ, ஜூன் மாதம் ஒரு நர்ஸ் வந்தார். சின்னப் பெண். ரப்பர் பொம்மைத் தலையை மேசையில் வைத்து, சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, கொரெட்டியைச் செய்துகாட்டச் சொன்னார். கொரெட்டி செய்தாள். நர்ஸ் கையெழுத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் கொரெட்டி.

"இவ்வளவுதான். நல்லா செய்றீங்க."

"இதுக்காக ஒருத்தி வேலையை இழந்துட்டு மூணு மாசம் கார்ல உக்காந்திருந்தா."

நர்ஸுக்கு முகம் விழுந்துவிட்டது. "எங்க மாவட்டத்துக்கே நான் ஒருத்திதாங்க" என்றார். அவரைத் திட்டியும் பிரயோசனம் இல்லை.

"சரிம்மா. இந்தக் கையெழுத்து எதுக்கெல்லாம் செல்லும்?"

"இந்தப் பிள்ளைக்கு. இந்தப் பள்ளியில. ரெண்டு வருஷத்துக்கு."

ஃபினூலா வேலை தேடினாள். பழைய இடம் போனது போனதுதான். பெட்ரோல் பங்கில் சாண்ட்விச் போடும் வேலை கிடைத்தது.

செப்டம்பரில் கொரெட்டி ஒரு முடிவுக்கு வந்தாள். தகுதி தகுதி என்கிறீர்களே, அந்தப் பாழாய்ப்போன தகுதியை வாங்கிக் காட்டுகிறேன் என்று, கைக்காசைப் போட்டுக் காரிக் ஊர்க் கல்லூரியில் அங்கீகாரம் உள்ள படிப்பில் சேர்ந்தாள். ஏற்கெனவே படித்ததற்குச் சலுகை உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் அவள் பிள்ளைகளாக இருக்கக்கூடிய வயது. பாடத்திலும் பாதி அவள் முன்பே படித்ததுதான்.

முதல் கட்டுரையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முட்டி மோதி எழுதினாள். கீலினைப் பற்றி, சாப்பாடு ஊட்டுவது பற்றி, வலிப்பு வந்த நாளைப் பற்றி. அது தேர்ச்சியில்லை என்று திரும்பி வந்தது. மேற்கோள் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு: பிள்ளையின் பெயரையும் ஊரையும் எழுதியது பெரும் தவறு, அந்தரங்கம் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

அது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. பெட்ரோல் பங்குக்குப் போனாள். ஃபினூலா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் மக பேரை முன்பின் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

ஃபினூலா கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன எழுதினே?"

"அவளுக்குத் தொப்பி பிடிக்காதுன்னு. டிராக்டர் பிடிக்கும்னு."

"அதுக்காகவா ஃபெயில் போட்டாங்க?"

"அதுக்கும்தான்."

ஃபினூலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம் பொண்ணு உன்னை ஃபெயிலாக்கிட்டாளா! அவளுக்கே உன்மேல ஏதோ கோவம் போல." கொரெட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரின் கண்ணாடி பாதி இறங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். ஃபினூலா காசு வாங்காமல் ஒரு சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

பெயரை மாற்றி, எங்கெங்கோ தேடி மேற்கோள்களைச் செருகி, கட்டுரையைத் திரும்ப எழுதினாள் கொரெட்டி. தன் கட்டுரையைத் தானே படித்தபோது வேறு யாரோ வேறு ஏதோ பிள்ளையைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. தேர்ச்சி கிடைத்தது. அடுத்த வசந்தத்தில் படிப்பு முழுவதும் முடிந்தது. இம்முறை எல்லாப் பட்டியலிலும் வரும் தகுதி. மாலக்கி ஆசிரியர் அறையில் கேக் வெட்ட ஏற்பாடு செய்தார். சம்பளத்தில் மாற்றம் இல்லை. பதவிப் பெயரில் மாற்றம் இல்லை. ஷேமி சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது, "வேண்டாம், ஆணி அடிச்ச இடம் அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

கீலின் பெரிய பள்ளிக்குப் போகும் காலம் வந்தது. அவளுக்கு அங்கே என்னென்ன தேவை என்று பேச ஒரு கூட்டம். மாவட்டக் கல்வி அதிகாரி, உளவியலாளர், இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள், அம்மா. கொரெட்டி மாலக்கியிடம் கேட்டாள்: "இப்ப தகுதி இருக்கு. நானும் வரலாமா?"

மாலக்கி தரையைப் பார்த்தார். "உதவியாளருங்க அந்தக் கூட்டத்துல உக்கார்ற வழக்கம் இல்ல கொரெட்டி. நான் கேட்டுப் பார்த்தேன். உங்க வேலை பராமரிப்புதான், இது கல்வித் திட்டம்னு சொல்லிட்டாங்க."

இதை அவள் ஃபினூலாவிடம் சொன்னபோது புலம்பலாகத்தான் சொன்னாள். கூட்டத்தன்று காலை கொரெட்டி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஃபினூலா வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வா உள்ள."

"என்னை விடமாட்டாங்க."

"பெத்தவங்க துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு அவங்க அழைப்புலயே போட்டிருக்கு. எனக்குப் புருஷனா இருக்கான் கூட்டிட்டு வர்றதுக்கு? நீதான் துணை."

உள்ளே மாவட்ட அதிகாரி, கண்டிப்பான ஆனால் கெட்டவர் அல்லாத ஒரு பெண்மணி, நிமிர்ந்து பார்த்தார். "இவங்க யாரு?"

"என் தோழி" என்றாள் ஃபினூலா.

கொரெட்டி உட்கார்ந்தாள். பெரிய பள்ளியின் ஆசிரியை, ஓர் இளம்பெண், நன்றாகக் கேள்வி கேட்டாள்: எப்போது சோர்வாள், சாப்பாட்டறையின் கூச்சலைத் தாங்குவாளா, மறந்துபோன சைகைகள் திரும்ப வந்தனவா. கொரெட்டி தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, உளவியலாளர் பக்கம் திரும்பி, "அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள். நல்ல கூட்டம்தான். ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியது அத்தனையும் பேசியாயிற்று. இதில் தன்னை விடாமல் இருக்க என்ன இருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

முடிவில் அதிகாரி வந்தவர்கள் பெயரை வாசித்தார். "கொரெட்டி மல்வி, பெற்றோரின் தோழி."

"நான் இந்தப் பள்ளியோட எஸ்.என்.ஏ.ங்க" என்றாள் கொரெட்டி. "எட்டு வருஷமா இந்தப் பிள்ளை கூட இருக்கேன். படிச்சு முடிச்சவ. ரெண்டு தடவை முடிச்சவ."

"எனக்குத் தெரியுது. ஆனா எஸ்.என்.ஏ.ன்னு நான் எழுதினா, ஏன் அனுமதிச்சீங்கன்னு என்னைக் கேப்பாங்க. தோழின்னா யாரும் கேக்கமாட்டாங்க."

மாலக்கி தொண்டையைக் கனைத்தார். "அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க மேடம். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அடுத்த கூட்டத்துக்குள்ள இதைப் பத்தி மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த கூட்டம் என்று ஒன்று இல்லை. கீலின் இந்தப் பள்ளியைவிட்டே போகிறாள்.

செப்டம்பரில் கீலின் பெரிய பள்ளிக்குப் போனாள். அங்கே அவளுக்குப் புது உதவியாளர். கொரெட்டிக்கு நர்ஸ் போட்டுக்கொடுத்த கையெழுத்து அந்தப் பள்ளியில் செல்லவில்லை, மறுபடி காத்திருப்பு. ஃபினூலா பெட்ரோல் பங்கில் முதலாளியிடம் கெஞ்சிப் பாதி நாள் வேலைக்கு மாறி, மறுபடி காரில் உட்கார்ந்தாள். மீதிப் பாதி நாள் அவள் தங்கை உட்கார்ந்தாள். இம்முறை மூன்று வாரத்தில் நர்ஸ் வந்துவிட்டார். அதை முன்னேற்றம் என்றார்கள்.

கொரெட்டிக்கு இப்போது ஒரு புதுப் பிள்ளை, காலையில் கோட்டைக் கழற்றவே அரை மணி நேரம் மறுக்கும் ஒரு வாண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காரிக் ஊரில் உதவியாளர்களின் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகிறாள். இப்போது கிளைச் செயலாளர் அவள்தான். போன கூட்டத்துக்குத் தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்து, பயிற்சி அங்கீகாரம் குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப் போகிறார்கள், இது பெரிய வெற்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நன்றி சொல்லக் கொரெட்டியை எழுப்பினார்கள்.

"குழு போட்டதுக்கு நன்றி" என்றாள். "அந்தக் குழுவுல எங்கள்ல எத்தனை பேர் இருக்காங்க?"

வந்தவர் காகிதங்களைப் புரட்டினார். அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.

"அப்ப நன்றியை நானும் இன்னும் முடிவு செய்யல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் கொரெட்டி.